தெய்வம் நீங்கிய மேசை

சென்ற மாதம் ஒரு ஞாயிறு மாலை, திருமுல்லைவாயிலில் என் வீட்டு மொட்டைமாடியில் ஐந்து பேர் உட்கார்ந்திருந்தோம். கவிதையில் தொடங்கி, கவிதை எழுதுகிறவர்களைப் பற்றிய வம்பில் முடிகிற வழக்கமான கூட்டம்தான். அன்று நண்பர் ஒருவர் கேயோர்க் ஃப்ளேகல் என்ற ஜெர்மானிய ஓவியரின் ஏழெட்டுப் படங்களை அச்செடுத்துக் கொண்டுவந்திருந்தார். ரொட்டி, மதுக்கிண்ணம், கொட்டைகள், பொரித்த முட்டை, ஈ, வண்டு. இவ்வளவுதான் விஷயம். மனிதர் எவரும் இல்லை.

பத்து நிமிஷத்தில் படங்கள் தீர்ந்துவிட்டன. ரொட்டி கிறிஸ்துவின் சரீரம், மது அவர் ரத்தம், முட்டை உயிர்த்தெழுதல், ஈ அழுகலும் சாத்தானும், வண்ணத்துப்பூச்சி ஆன்மா. ஒருவர் விட்ட இடத்தை இன்னொருவர் நிரப்பினார். எல்லாம் சொல்லியாயிற்று, இனி காப்பி குடிக்கலாம் என்கிற திருப்தி எல்லோர் முகத்திலும். கணக்குக்கு விடை வந்ததும் சிலேட்டை அழித்துவிடுகிற பையன்களைப் போல இருந்தோம். அதிகம் விடை சொன்னவன் நான்தான். ராத்திரி அந்தத் தாள்களை மறுபடி எடுத்துப் பார்த்தபோது, சாயங்காலம் நாங்கள் யாருமே படத்தைப் பார்க்கவில்லை என்பது உறைத்தது. வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது, படம் எவ்வளவு பெரிது, ஒரு பொருள் இன்னொன்றை மறைக்கிறதா இல்லையா - இந்தக் கேள்விகளில் ஒன்றைக்கூட யாரும் கேட்கவில்லை. அந்தக் கடனைத் தீர்க்கவே இதை எழுதுகிறேன். மூலப் படங்களை நான் பார்த்தவனில்லை. அச்சுப் பிரதிகளையும் கணினித் திரையில் பெருக்கிய உருவங்களையும் வைத்துத்தான் பேசுகிறேன். அந்த எல்லையை வாசகர் மனதில் வைத்துக்கொள்ளலாம்.

முதலில் பெயர். ஆங்கிலத்தில் ஸ்டில் லைஃப், பிரெஞ்சில் செத்த இயற்கை என்று பொருள்படும் நாத்யூர் மோர்த். ஜெர்மானியர் ஷ்டில்லேபன் என்கிறார்கள். அசைவடங்கிய வாழ்வு என்று சொல்லலாம். ஃப்ளேகல் காலத்தில் இந்தப் பெயர் இல்லை. டச்சு மொழியில் இச்சொல் பதினேழாம் நூற்றாண்டின் நடுவில்தான் புழக்கத்துக்கு வருகிறது. பெயர் பின்னால் வந்தது என்பதை வெறும் அகராதித் தகவலாக எடுத்துக்கொள்ளக் கூடாது. இந்த ஓவியங்கள் பிறந்த காலத்தில் தனி வகையாக எண்ணப்படவில்லை. அவை வேறொன்றின் முதுகில் பிறந்தவை.

முதுகு என்பது உவமை அல்ல. ஃப்ராங்க்ஃபர்ட்டுக்கு அருகே ஸெலிகன்ஷ்டாட்டில் பிறந்து ப்ரூகஸ் நகரில் தொழில் செய்தவர் ஹான்ஸ் மெம்லிங். 1485ஐ ஒட்டி அவர் வரைந்த ஒரு மலர்ச்சாடி இன்று மத்ரித்தில் இருக்கிறது. அனதோலியக் கம்பளத்தின் மேல் வைத்த சாடி, அதில் இயேசுவின் பெயர்க்குறி, அல்லியும் ஐரிஸ் மலர்களும். இது பிரார்த்தனை செய்யும் ஓர் இளைஞனின் உருவப்படத்துக்குப் பின்பக்கம். கோலோன் நகரத்து பார்த்தல் ப்ரூய்ன் 1524இல் வரைந்த மண்டையோடு - தாடை கழன்று கிடக்கிறது, பக்கத்தில் அணைந்த மெழுகுவர்த்தி - அதுவும் ஒரு பெண்ணின் உருவப்படத்துக்குப் பின்புறம்தான். முன்பக்கம் முகம், பின்பக்கம் அந்த முகத்தின் முடிவு. பலகையைத் திருப்பினால்தான் தெரியும். மியூனிக்கில் இருக்கும் 1504ஆம் வருஷத்துப் படம் சற்று வேறுவிதம். யாகோப்போ தெ பார்பரி என்ற வெனிஸ்காரர், ஜெர்மானியப் பிரபுக்களிடம் வேலை பார்த்த காலத்தில் வரைந்தது. ஒரு செத்த கௌதாரி, இரும்புக் கையுறைகள், ஒரு வில்லின் கணை மூன்றையும் சுவரில் ஆணியடித்துத் தொங்கவிட்டதாகத் தோற்றம். கீழே ஒட்டிய காகிதத் துண்டில் பெயரும் வருஷமும். இதன் நோக்கம் கண்ணை ஏமாற்றுவது. மரப்பலகையில் வரைந்ததை மரப்பலகையில் தொங்குவதாக நம்பவைப்பது.

ப்ரூய்ன் படத்தில் குறியீடு மட்டும்தான் இருக்கிறது. மண்டையோடு என்றால் மரணம். அதில் புரிவதற்கு ஏதுமில்லை, போதாததற்கு ஒரு லத்தீன் வாசகம் வேறு. பார்பரி படத்தில் உத்தி மட்டும்தான் இருக்கிறது. இரண்டுமே எனக்கு அலுக்கிறது. முதலாவது பிரசங்கம், இரண்டாவது கண்கட்டு வித்தை. இந்த இரண்டும் எங்கே கலந்தன என்பதுதான் எனக்குப் பிரச்சினை.

முன்ஸ்டர் நகரத்து லுட்கர் டோம் ரிங் 1562இல் வரைந்த மலர்ச்சாடிகளில் அந்தக் கலப்பு தொடங்குகிறது. இவை ஒடுங்கி உயர்ந்த பலகைகள். அலமாரிக் கதவாகவோ அதுபோன்ற மரச்சாமானின் பகுதியாகவோ இருந்திருக்கலாம் என்று கருதுகிறார்கள். வெள்ளை அல்லி, ஐரிஸ். சொல்லிலும் மூலிகையிலும் கல்லிலும் தெய்வம் உண்டு என்ற பொருளில் சாடியின் மேல் லத்தீன் எழுத்து. ப்ரூய்னின் வாசகம் படத்துக்கு வெளியிலிருந்து வந்து ஒட்டிக்கொண்டது. டோம் ரிங்கின் வாசகம் சாடியின் வளைவோடு தானும் வளைகிறது. சாடிக்கு இருக்கிற ஒளியும் நிழலும் எழுத்துக்கும் உண்டு. உபதேசம் பொருளின் உடம்பில் இறங்கத் தொடங்கிவிட்டது. இன்னும் எழுபது வருஷத்தில் அது முழுக்க இறங்கி, எழுத்தே தேவையில்லாமல் போகிறது. அந்த இடத்தில் நிற்பவர் ஃப்ளேகல்.

அவர் வாழ்க்கை பற்றித் தெரிவது கொஞ்சம். 1566இல் மொராவியாவின் ஓல்மூட்ஸில் பிறந்தார். செருப்புத் தைப்பவரின் மகன். லூகாஸ் வான் வால்கன்போர்க் என்ற ஃப்ளெமிஷ் ஓவியரிடம் உதவியாளராகச் சேர்ந்து, அவருடன் 1590களின் தொடக்கத்தில் ஃப்ராங்க்ஃபர்ட்டுக்கு வந்தார். 1597இல் அந்நகரின் குடியுரிமை கிடைத்தது. 1638இல் அங்கேயே மறைந்தார். வால்கன்போர்க்கிடம் அவருக்கு என்ன வேலை? முதலாளி சந்தைக் காட்சியும் விருந்தும் வரைவார். மனிதர்கள் அவருடையவர்கள். அவர்கள் கையிலும் கூடையிலும் மேசையிலும் இருக்கிற பழம், பூ, பாத்திரம் எல்லாம் ஃப்ளேகலுடையது. இன்னொருவர் படத்தில் காய்கறி வரைந்து கூலி வாங்கியவர் அவர். பிறகு ஒருநாள் மனிதர்களை வெளியேற்றிவிட்டு மேசையை மட்டும் வைத்துக்கொண்டார். பிராகில் உள்ள அவருடைய அலமாரிப் படம் 1610ஐ ஒட்டியது. தட்டுகளில் கோப்பைகள், பழங்கள், மலர்ச்சாடி. முதலாளி படத்தின் ஓரத்தில் இருந்ததெல்லாம் சட்டகம் முழுவதையும் எடுத்துக்கொண்டுவிட்டது. புரட்சி என்று கூவவில்லை, ஆனால் நடந்தது அதுதான்.

இனி உத்தி. முதல் தலைமுறைப் படங்களில் பார்வைக் கோணம் உயரத்திலிருந்து விழுகிறது. நாம் மேசைக்கு முன்னால் நின்றுகொண்டு குனிந்து பார்க்கிறோம், மேசை நம்மை நோக்கிச் சாய்ந்து நிற்கிறது. இது தெரியாமல் செய்த பிழை என்று பாடப்புத்தகங்கள் சொல்லும். தூரக்காட்சி விதிகள் நூறு வருஷத்துக்கு முன்பே ட்யூரருக்குத் தெரியும். அவர் அதைப் பற்றி 1525இல் புத்தகமே போட்டார். ஃப்ளேகலுக்குத் தெரியாதா? இந்தச் சாய்வுக்கு வேறு காரணம் இருக்கிறது. மேசை தாழ்வாக, கண்மட்டத்தில் இருந்தால் முன்னால் இருப்பது பின்னால் இருப்பதை மறைக்கும். சாய்த்து வைத்தால் எதுவும் எதையும் மறைக்காது. ஒவ்வொரு தட்டுக்கும் ஒவ்வொரு கொட்டைக்கும் தன்னைச் சுற்றி ஓர் அங்குலம் வெற்றிடம் உண்டு. நம் பந்தி இலையைப் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். உப்பு ஒரு மூலையில், ஊறுகாய் ஒரு மூலையில், ஒன்றோடொன்று கலக்காமல். பிற்காலத்துச் சிறிய படங்களில் கோணம் இறங்குகிறது, பொருள்கள் நெருங்குகின்றன, எண்ணிக்கையும் குறைகிறது. ஆனால் ஒவ்வொரு பொருளும் தனக்கென்று ஒரு கவனத்தைக் கோரிப் பெறுகிற அந்தக் குணம் கடைசிவரை போகவில்லை. முந்திரிக்கும் மன்னனின் கோப்பைக்கும் ஒரே அளவு பொறுமை. இந்தச் சமத்துவத்தை எந்தக் குறியீட்டு அகராதியிலும் தேடிக் கண்டுபிடிக்க முடியாது. அது தூரிகை கண்டது.

கண்ணாடியை எப்படி வரைகிறார்கள் என்று பாருங்கள். முதலில் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கிற இருட்டு. உள்ளே இருக்கிற மது. விளிம்பில் ஒரு மெல்லிய கோடு. கடைசியில் இரண்டு மூன்று வெள்ளைப் பொட்டுகள். கண்ணாடியை யாரும் வரையவே இல்லை, அதைச் சுற்றி இருப்பதை வரைந்தார்கள், அவ்வளவுதான். ஈயத் தட்டில் பக்கத்திலிருக்கும் ரொட்டியின் மங்கலான பழுப்பு. சர்க்கரை பூசிய பண்டத்துக்கு வேறு கை - அங்கே வெள்ளை தடிமனாக, சொரசொரப்பாகப் படிகிறது, சர்க்கரை எப்படிப் படியுமோ அப்படி. வண்ணமே சர்க்கரையின் வேலையைச் செய்கிறது.

அந்தக் கண்ணாடியின் வெள்ளைப் பொட்டுக்குத் திரும்புகிறேன், ஏனென்றால் நான் சொல்ல வந்தது அதில் இருக்கிறது. ஜெர்மானிய, டச்சு மேசைப் படங்களில் வயிறு பருத்த மதுக்கிண்ணத்தின் மேல் பட்டறைச் சன்னலின் பிம்பம் விழும். சன்னலுக்குக் குறுக்குச் சட்டம் உண்டு, ஆகவே பிம்பத்தில் ஒரு சிலுவை. குறியீட்டு வேட்டைக்காரர் இங்கே துள்ளுகிறார், மதுவின் மேல் சிலுவை, வேறென்ன வேண்டும்! எதிர்த்தரப்பார் சிரிக்கிறார், அது சன்னல் ஐயா, சன்னல் அப்படித்தான் இருக்கும். இருவரும் சரி, இருவரும் தவறு. அந்தப் பொட்டை நீக்கினால் சிலுவை மட்டும் போவதில்லை. கண்ணாடியே போய்விடும். கிண்ணம் வளைந்திருக்கிறது, அது கண்ணாடி, அறையில் சன்னல் இருக்கிறது, இது பகல் - இத்தனையையும் சொல்கிற பொட்டு அது. ஓவியனுக்கு உத்தியாகத் தவிர்க்கமுடியாத இடத்தில் வந்து உட்கார்ந்த பிறகுதான் அது சிலுவையாகவும் இருக்க அனுமதி பெறுகிறது. ப்ரூய்னின் மண்டையோட்டுக்கு இந்த அனுமதிச் சீட்டு கிடையாது.

குறியீட்டு அகராதியின் பலவீனத்துக்கு அந்த வண்டு போதும். கோலோனில் இருக்கும் 1635ஆம் வருஷத்துப் படத்தில் மேசைமேல் ஒரு பெரிய வண்டு, கலைமானின் கொம்பு போன்ற தாடைகளோடு. ட்யூரர் இதே வகை வண்டை 1505இல் வெற்றுத் தாளில் தனியாக வரைந்திருக்கிறார். கலைமான் கிறிஸ்துவின் சின்னம், ஆகவே இந்த வண்டும் கிறிஸ்து என்று ஒரு சாரார். ஊர்வனவும் பூச்சிகளும் தீமையின் பரிவாரம், ஆகவே இது சாத்தான் என்று இன்னொரு சாரார். இரண்டுக்கும் ஏட்டு ஆதாரம் காட்டுவார்கள். ஒரே வண்டு கடவுளும் சைத்தானுமாக இருக்குமென்றால் அகராதியால் என்ன பிரயோசனம்? அன்றாடப் பொருள்களுக்குள் மறைத்து வைத்த குறியீடு என்ற கருத்தை 1953இல் எர்வின் பனோஃப்ஸ்கி பழைய நெதர்லாந்து ஓவியங்களை வைத்துப் பேசினார். அவருடைய பார்வை நுட்பமானது, பின்தொடர்ந்தவர்கள் அதை விடைப் புத்தகமாக்கினார்கள். 1983இல் ஸ்வெட்லானா ஆல்பர்ஸ் மறுபக்கம் பேசினார். வடக்கத்திய ஓவியம் உலகை விவரிப்பது, பார்ப்பதையே அறிவாகக் கொள்வது, அதில் கதையையும் உபதேசத்தையும் தேடுவது இத்தாலியப் பழக்கம் என்பது சுருக்கமாக அவர் கட்சி. ஆல்பர்ஸ் பக்கம் எனக்குச் சாய்வு உண்டு. ஆனாலும் டோம் ரிங்கின் சாடி எழுத்து அவர் கட்சிக்குள் முழுக்க அடங்காமல் உறுத்துகிறது.

நமக்கு இங்கே வேறொரு கருவி கையில் இருக்கிறது. நாம் அதைத் தேர்வுக்குப் படித்துவிட்டுத் தூக்கிப் போட்டுவிட்டோம். உள்ளுறை. எருமை தாமரையை உழக்கிக்கொண்டு போய்ப் புல்லை மேய்கிறது. மருத நிலத்தில் அது தினம் நடக்கிற காரியம். தலைவன் வீட்டை மிதித்துவிட்டுப் பரத்தையிடம் போனான் என்று யாரும் வாய்திறந்து சொல்வதில்லை. சொல்லாததற்கு இடம் கொடுப்பது எருமையின் நிஜம். எருமை நிஜமாக, அந்த நிலத்து எருமையாக இல்லாவிட்டால் உள்ளுறை விழுந்துவிடும். தொல்காப்பியர் அகத்திணையியலில் இதற்கு ஒரு நிபந்தனை விதிக்கிறார். கருப்பொருள்களில் தெய்வம் நீங்கலாக மற்றவற்றையே உள்ளுறைக்கு நிலைக்களமாகக் கொள்ளவேண்டும் என்பது அது. பலமுறை படித்தும் இதன் கனம் எனக்குப் புரிந்ததில்லை, அந்த ஞாயிறு இரவு புரிந்தாற்போல் இருந்தது. மரம், பறவை, விலங்கு, பறை, தொழில் எல்லாவற்றுக்கும் தன்னைத் தாண்டிய ஒன்றைச் சுட்டுவதற்கு உரிமை உண்டு. தெய்வத்துக்கு மட்டும் இல்லை. தெய்வம் வந்ததும் பொருள் தன் அர்த்தத்தைத் தேடவேண்டிய அவசியம் இல்லாமல் போகிறது, அர்த்தம் முன்கூட்டியே முடிந்துவிடுகிறது. இது என் வியாக்கியானம், உரையாசிரியர்கள் தலையில் இதைக் கட்டவில்லை.

எங்கள் ஊர்ப் பெயரே இதற்கு ஓர் உதாரணம். முல்லை அகத்திணையில் காத்திருத்தலின் பூ. தொண்டைமானின் யானைக்கால் முல்லைக் கொடியில் சிக்க, அவன் வாளால் வெட்ட, ரத்தம் பீறிட, உள்ளே லிங்கம் - இது மாசிலாமணீசுவரர் கோவிலின் தலபுராணம். வெட்டுக்காயத்துக்கு இன்றும் சந்தனக் காப்பு, ஆண்டுக்கு ஒருமுறைதான் களைகிறார்கள். குறும்பர்களை வென்று அவர்கள் கோட்டையிலிருந்து கொண்டுவந்ததாகச் சொல்லப்படும் இரண்டு எருக்கந்தூண்கள் சந்நிதிக்கு முன்னால் நிற்கின்றன. எருக்கு தூண் பருமனுக்கு வளருமா என்று நான் சிறுவயதில் கேட்டபோது பாட்டி என்னைத் தலையில் குட்டினாள். குட்டு வாங்கியதுகூடப் பரவாயில்லை. முப்பது வருஷமாக அந்தக் கோவிலுக்குப் போய்வருகிறேன், அந்த மரத்தின் ரேகை எப்படி ஓடுகிறது என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. தூணைப் பார்க்கும்போதெல்லாம் கதையைத்தான் பார்த்திருக்கிறேன். முல்லைக்கொடிக்கும் அதே கதி. அடியில் தெய்வம் இருக்கிறது என்று தெரிந்த பிறகு கொடியின் இலை எத்தனை விரல் அகலம் என்று எவன் பார்ப்பான்? இதைப் பக்திமீது புகாராகச் சொல்லவில்லை. பார்வைக்கு என்ன நேர்கிறது என்பதைச் சொல்கிறேன். லூத்தரன் கிறிஸ்தவச் சூழலில் வளர்ந்த ஃப்ளேகலுக்கும் ரொட்டிக்கு அடியில் தெய்வம் இருந்திருக்கலாம். ஆனால் ரொட்டியின் பொருக்கு எப்படி வெடித்திருக்கிறது என்று பார்க்கிற வேலையிலிருந்து அந்தத் தெய்வம் அவருக்கு விடுப்பு கொடுக்கவில்லை.

உள்ளுறை என்ற சாவி இந்தப் பூட்டைத் திறந்துவிட்டது என்று சொல்லிவிட எனக்கு ஆசைதான். திறக்கவில்லை, பாதியில் நிற்கிறது. உள்ளுறைக்குத் திணை வேண்டும். எருமைக்கு மருதம் இருக்கிறது, ஃப்ளேகலின் மேசைக்கு எந்த நிலம்? டூலிப் மலர் துருக்கியிலிருந்து வந்து வியன்னா வழியாகப் பரவியது. அதைப் பரப்பியவர்களில் முக்கியமான க்ளூஸியஸ் என்ற தாவரவியலாளர் சில வருஷங்கள் ஃப்ராங்க்ஃபர்ட்டில் வசித்தார். கோவாவில் அச்சான கார்ஸியா த ஓர்த்தாவின் மூலிகை நூலை 1567இல் லத்தீனில் சுருக்கித் தந்தவரும் அவரே. சர்க்கரை அட்லாண்டிக் தீவுகளிலும் பிரேஸிலிலும் அடிமைகள் வெட்டிய கரும்பு. இந்த மேசைகளில் வெள்ளைக் குச்சிகளாக, முண்டும் முடிச்சுமாகக் கிடக்கிற ஒரு பண்டம் உண்டு. அது சர்க்கரைப்பாகில் திரும்பத் திரும்ப முக்கி உலர்த்திய பட்டை. ஈழத்தில் கறுவா என்பார்கள். அன்று போர்த்துக்கீசியர் பிடியில் இருந்த இலங்கைக் கரையோரக் காடுகளில், சாலகம சாதியினர் கட்டாய ஊழியமாக உரித்தது. தென்னிந்தியாவிலிருந்து போய்க் குடியேறியவர்கள் என்று அவர்களைப் பற்றி ஒரு மரபு சொல்கிறது. நம் கடலோரத்து ஆள் ஒருவன் உரித்த பட்டை, சர்க்கரைக்கு உள்ளே கண்ணுக்குத் தெரியாமல் அந்த மேசையில் இருக்கிறது! எந்தக் குறியீட்டு அகராதியும் இதைச் சொல்லவில்லை.

அது நிலங்களின் மேசை அல்ல, சந்தையின் மேசை. வருஷம் இருமுறை சந்தை கூடுகிற நகரம் ஃப்ராங்க்ஃபர்ட். நிலத்திலிருந்து பிடுங்கி எடுக்கப்பட்ட பொருள் ஊமையாகிவிடுகிறது. அதற்கு மிச்சம் இருப்பது விலை ஒன்றுதான். திருச்சபை அர்த்தங்களை மேலே ஒட்டுவது அந்த ஊமைத்தனத்துக்குச் செய்த பரிகாரமோ என்றுகூட எனக்குத் தோன்றுவதுண்டு. ஃப்ளேகலின் பெருவிருந்துப் படங்களில் விலை மினுங்குகிறது, மறுக்கவில்லை, அவை எனக்கு அவ்வளவாகப் பிடிப்பதும் இல்லை. நான் பேசுவது கடைசிக் காலத்தின் சிறு படங்களைப் பற்றி. பள்ளி நோட்டுப் புத்தக அளவுப் பலகைகள். 1618இல் தொடங்கிய யுத்தம் முப்பது வருஷம் நடந்தது. 1631இல் ஸ்வீடன் படை ஃப்ராங்க்ஃபர்ட்டுக்குள் வந்தது. 1635லும் அடுத்த வருஷமும் கொள்ளைநோயில் நகரம் ஆயிரக்கணக்கில் செத்தது. வண்டுப் படம் அந்த 1635ஆம் வருஷத்தது. ஓவியருக்கு அறுபத்தொன்பது வயது. ரொட்டியை அவர் அப்படி உற்றுப் பார்த்ததற்கு வேதாகமம்தான் காரணம் என்று இனி என்னிடம் யாரும் சொல்லவேண்டாம். பசி நடமாடிய ஊரில் ஒரு துண்டு ரொட்டி வேறொன்றைச் சுட்டிக்காட்டத் தேவையில்லை.

நம் பக்கம் இந்த வகை ஓவியம் ஏன் முளைக்கவில்லை? விதை இல்லாமலில்லை. ப்ராண்டன்பர்க் பகுதியில் பிறந்த ஜெர்மானிய மிஷனரி ஷ்வார்ட்ஸின் பராமரிப்பில் வளர்ந்தவர் தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோஜி. அவருடைய ஓவியர்கள் பறவைகளையும் செடிகளையும் வெள்ளைத் தாளில் நீர்வண்ணத்தில் இறகு இறகாக எழுதினார்கள். ஃப்ளேகலும் மலர்களையும் பூச்சிகளையும் நூற்றுக்கு மேற்பட்ட நீர்வண்ணத் தாள்களில் எழுதிவைத்தார், அவை பெர்லினில் இருக்கின்றன. கைத்திறனில் தஞ்சைக்காரன் அப்படியொன்றும் பின்தங்கியவன் அல்ல. ஆனால் ஃப்ளேகலின் தாளிலிருந்து மலர் மேசைக்குப் போயிற்று. அவர் சீடன் யாக்கோப் மாரெல், மாரெலின் வளர்ப்பு மகள் மரியா ஸிபில்லா மெரியான் என்று அந்தக் கை பூச்சியின் வாழ்க்கைக்குள்ளேயே புகுந்து 1699இல் சுரினாம் காடுவரை பயணம் போயிற்று. தஞ்சையின் பறவை தாளிலேயே நின்றுவிட்டது. மன்னருக்கும் கம்பெனி துரைகளுக்கும் அது மாதிரி, தகவல். அதன் பிறகு நமக்குக் கிடைத்தது டிராயிங் பரீட்சை. மாடல் டிராயிங்குக்காக எங்கள் பள்ளிக்கூடத்தில் ஒரு மண்பானை, தடிப் புத்தகம், பக்கத்தில் ஒரு கத்தரிக்காய் வைப்பார்கள். நிழல் போட்டால் பத்து மார்க். பானைக்குள் என்ன இருக்கிறது என்று கேட்டதற்கு நான் வெளியே நிறுத்தப்பட்டேன். ஆசிரியர் பெயர் வேண்டாம், அவரும் பாவம்.

வரைந்ததில்லையே தவிர, அடுக்கி வைத்து விழுந்து கும்பிட்டிருக்கிறோம். சித்திரை முதல் நாள் கண்விழித்ததும் பார்க்க வைக்கிற கனித்தட்டு, ஆயுதபூஜையன்று அம்பத்தூர் எஸ்டேட்டின் ஒவ்வொரு பட்டறையிலும் குங்குமம் பூசி வரிசை வைக்கிற ஸ்பானர்கள், திதிக்குப் படைக்கிற இலை. பார்ப்பதற்கென்றே பொருள்களை ஒழுங்கு செய்கிற பழக்கம் நமக்கு ரத்தத்தில் உண்டு. அதைச் சித்திரமாக யாரும் யோசிக்கவில்லை, ஏனென்றால் அடுத்த அரைமணியில் அது தின்னப்பட்டுவிடும் அல்லது வேலைக்குத் திரும்பிவிடும்.

கடைசியில், அந்த மொட்டைமாடிக் கூட்டத்துக்கு - அதாவது நமக்கு. 'எழுத்து' தொடங்கிய 1959லிருந்து நாம் படிமம், குறியீடு என்று பேசிவருகிறோம். எத்தனை கவிதைகளில் எத்தனை காகங்கள், கிணறுகள், சன்னல்கள், உதிர்ந்த சருகுகள்! எல்லாம் சுட்டுவிரல்கள். கிணறு என்றால் ஆழ்மனம் என்று எழுதுகிறவனுக்கும் தெரியும், படிக்கிறவனுக்கும் தெரியும், இரண்டு பேரும் கிணற்றை எட்டிப் பார்ப்பதில்லை. அதில் தண்ணீர் இருக்கிறதா, உறை கட்டியதா, கைப்பிடிச் சுவர் இடிந்திருக்கிறதா என்று கவிதைக்குத் தெரியாது. தெய்வத்தை வெளியேற்றிவிட்டோம் என்று மார்தட்டுகிற நாம் அந்த நாற்காலியில் ஆழ்மனத்தையும் அந்நியமாதலையும் உட்காரவைத்துப் பூஜை செய்கிறோம். நானும் அப்படி நாற்பது கவிதை எழுதியவன்தான். ஏழெட்டு இந்தப் பக்கங்களிலேயே வந்தவை. அவற்றைத் தொகுப்பாகப் போடுகிற எண்ணத்தை இப்போதைக்கு விட்டுவிட்டேன்.

போன ஆடி அமாவாசைக்கு அப்பாவுக்கு இலை போட்டோம். அவர் எஸ்டேட்டில் டர்னராக இருந்து ஓய்வு பெற்றவர். சோறு, வாழைக்காய், வடை, எள்ளுருண்டை. ஓரமாக அவருடைய பழைய மைக்ரோமீட்டர், அம்மா வருஷாவருஷம் எண்ணெய் போட்டுத் துடைத்து வைப்பது. நான்தான் எல்லாம் அடுக்கினேன். விளக்கேற்றப் போகும்போது அம்மா நிறுத்தி, தண்ணீர் டம்ளரை எடுத்து இலைக்கு இடப்பக்கம் மாற்றி வைத்தாள்.

"அவருக்கு எடது கைப் பழக்கம்டா" என்றாள்.